மூன்று முறை சொன்னவர்கள்

இசக்கியின் ஆய்வேடு நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் மூன்று பக்கங்களைத்தான் உலகம் படித்தது. மற்ற நானூற்று ஒன்பதையும் அவள் எழுதாமலே இருந்திருக்கலாம். அந்த மூன்றை எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் புண்ணியமாகப் போயிருக்கும்.

முழுப்பெயர் இசக்கியம்மாள். வள்ளியூர்க்காரி. இரண்டாயிரத்துப் பதினான்கில் பிறந்த பெண்ணுக்கு இப்படி ஒரு பெயர் வைக்க வேண்டுமானால் வீட்டில் யாராவது சாமியிடம் வசமாக மாட்டியிருக்க வேண்டும். அவள் அம்மா மாட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஹர்ஷிணிகளுக்கும் தன்விகாக்களுக்கும் நடுவே அந்தப் பெயரைச் சுமந்து, சட்டம் படித்து, ஐரோப்பாவின் வட ஓரத்தில் ஹார்ஸ்டென் என்ற ஓயாமல் மழை பெய்யும் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தைந்து. அங்கே அவளை ‘இஸாக்கி’ என்று கூப்பிட்டு ஜப்பான்காரியாக்கினார்கள். ஒரு வருஷம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஹார்ஸ்டென் பல்கலைக்கழகத்தில் ‘ஐரோப்பிய, சர்வதேசச் சட்டத்தில் சமகாலப் பிரச்சினைகள்’ என்று ஒரு முனைவர் பட்டப் பிரிவு உண்டு. சமகாலப் பிரச்சினை என்றால் அங்கே பெரும்பாலும் வேறு யாரோ ஒருவருடைய பிரச்சினை. அது படகிலோ விமானத்திலோ வந்து இறங்கும். இவர்கள் சூடான அறையில் உட்கார்ந்து அதற்கு அடிக்குறிப்பு எழுதுவார்கள். இசக்கி எடுத்துக்கொண்ட பிரச்சினை, நினைவுமானி.

புகலிடம் கேட்டு வருகிறவர்களை அதிகாரிகள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதை அந்த நாடு 2028-லேயே நிறுத்திவிட்டது. அதிகாரிக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை என்றால் அகதிக்கு வாழ்க்கையே சரியில்லாமல் போகிறது என்று ஏகப்பட்ட புகார். அதனால் ஒரு கருவி வந்தது. தலையில் ஒரு தொப்பி மாட்டுவார்கள். விண்ணப்பத்தில் எழுதியிருப்பதை ஒட்டிச் சில படங்களையும் ஓசைகளையும் காட்டுவார்கள். நாற்பது நிமிஷத்தில் ஓர் எண் வரும். ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் நீங்கள் சொல்வது உங்களுக்கு நிஜமாகவே நடந்தது. கீழே என்றால் எங்கேயோ கேட்டது, படித்தது, இட்டுக்கட்டியது. துன்புறுத்தப்படும் இடத்துக்கு எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று சர்வதேசச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறதே, அதை யாரும் மீறவில்லை. துன்பம் உண்டா இல்லையா என்பதை மட்டும் கருவி சொல்லும். இல்லை என்றால் விமானம்.

மனிதனின் மண்டைக்குள் அரசாங்கம் மூக்கை நுழைக்கலாமா என்பது இசக்கியின் ஆய்வுக் கேள்வி. நல்ல கேள்விதான். அவளுடைய பேராசிரியர் ஹென்ட்ரிகா ஃபோஸ் பன்னிரண்டு வருஷமாக அதே கேள்வியைக் கேட்டுக் கட்டுரை எழுதி, ஒருவரும் பதில் சொல்லாமல் கிழவியாகிக்கொண்டிருந்தார்.

“தத்துவம் பேசி ஒண்ணும் ஆகாது, இஸாக்கி,” என்றார் முதல் நாளே. “நீதிபதிகளுக்கு ஆட்களைக் காட்டணும். கருவிக்காகக் காத்திருக்கிறவங்களைப் பேட்டி எடு. ஒரு தடவை எடுத்தா கதைன்னு தள்ளிடுவாங்க. மூணு வார இடைவெளி விட்டு, மூணு தடவை எடு. மூணும் பொருந்தினாத்தான் அது ஆதாரம்.”

இப்படித்தான் மூன்று முறைப் பேட்டி பிறந்தது. ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் அதற்குப் பதினெட்டுப் பக்கம் ஒதுக்கியிருந்தாள் இசக்கி. கருவிக்கான வரிசையில் ஏழு மாதம் காத்திருக்க வேண்டிய முப்பத்தெட்டுப் பேரைத் தேடிப் பிடித்தாள். ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவம் வாங்கினாள். ‘இப்பேட்டியால் தங்களுக்கு எவ்விதத் தீங்கும் நேராது’ என்ற வரியின் கீழே அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள், அவளும் போட்டாள்.

அந்த முப்பத்தெட்டில் ஒருத்தி தவமலர்.

தவமலருக்கு நாற்பத்தாறு வயது. முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம். கடற்கரை மணலை லாரி லாரியாக அள்ளும் ஒரு கும்பலை அவள் கணவர் எதிர்த்தார். ஒரு பின்னேரம் ஐந்து பேர் அவர்களுடைய கடற்கரைக் குடிசையான வாடிக்கு வந்து, வலை பின்னிக்கொண்டிருந்தவரை அவள் கண் முன்னாலேயே இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அந்த ஐந்தில் ஒருவனை அவளுக்குத் தெரியும். பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்தாள். புகார் கொடுத்த மறுவாரமே வாடி எரிந்தது. அடுத்தது அவள்தான் என்று வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

முதல் பேட்டியில் இவ்வளவையும் அவள் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. வாகனம் பின்பக்கமாக வந்து நின்றது என்பது வரைக்கும் வந்தாள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டாள். பங்கேற்பாளர் துன்பமடைந்தால் பதிவை நிறுத்த வேண்டும் என்ற நெறிமுறை விதி பதினொன்றின்படி இசக்கி உடனே பதிவுக் கருவியை அணைத்தாள்.

“டீசல் மணக்குது பிள்ளை,” என்றாள். முகாமின் அந்த அறையில் தரைவிரிப்பு மணத்தைத் தவிர வேறு ஒன்றுமில்லை. அடுத்த நிமிஷம் குனிந்து வாந்தி எடுத்தாள். இசக்கி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இரண்டாம் முறை தவமலர் அழுதாள், ஆனால் முடித்தாள். மூன்றாம் முறை அழவில்லை. ஐந்து பேர் எந்த வரிசையில் இறங்கினார்கள், யார் கையில் என்ன இருந்தது எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னாள். இசக்கி தன் குறிப்பில் ‘நான்கு பேர்’ என்று தவறாக எழுதியதைக்கூடத் தவமலரே திருத்தினாள்.

“ரொம்பத் தெளிவா சொன்னீங்கக்கா,” என்றாள் இசக்கி, மனம் நிறைந்து. மூன்றும் பொருந்தியிருந்தன. அட்டவணையில் பச்சை நிறம் போட்டாள்.

கஜீபனின் அழைப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அவன் வக்கீல். அப்பா அம்மா யாழ்ப்பாணம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஹார்ஸ்டென். அந்த நாட்டுச் சட்டப்படி எண் வந்து, அது குறைவாக இருந்தால்தான் அகதிக்கு வக்கீல் கிடைப்பார். ஆகையால் கஜீபன் பார்ப்பதெல்லாம் ஏற்கெனவே தோற்றவர்களைத்தான்.

“தவமலர் அக்காவுக்கு நம்பர் வந்திட்டுது. நாப்பத்தொண்டு,” என்றான்.

“என்னது?”

“ஓம், நாப்பத்தொண்டு. மேன்முறையீட்டுக்குப் பத்து நாள் தந்திருக்கினம். எனக்கு விளங்கேல்ல இசக்கி. அவ சொல்லுறது பொய்யெண்டு எனக்குப் படேல்ல. நீங்கள் மூண்டு தரம் கேட்டிருக்கிறியள். உங்களுக்கு என்ன படுது?”

“பொய்யில்ல கஜீபன். நான் பாத்தேன். அவங்களால உக்காரக்கூட முடியல.”

“அப்ப மிஷின் ஏன் இப்பிடிச் சொல்லுது?”

அவளுக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு என்ன எண் வந்தது என்று பார்த்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தாள். மற்ற முப்பத்தேழு பேரின் முடிவுகளும் அவளிடம் இருந்தன. ஆய்வேட்டின் கடைசி இணைப்பில் போட வேண்டும் என்று வாங்கி வைத்திருந்தாளே தவிர, அதை அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவள் கேள்வி தனிமனித உரிமை பற்றியது. எண் எத்தனை என்பது அவளுக்கு முக்கியமில்லை.

இப்போது பார்த்தாள். முப்பத்தெட்டில் பதினொரு பேர் முதல் பேட்டியோடு கழன்றுகொண்டவர்கள். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வேறு முகாமுக்கு மாற்றம், மூன்று பேர் ‘உன் படிப்புக்கு நான் ஏன் அழணும்’ என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள். அவர்கள்மேல் இசக்கிக்கு அப்போது எரிச்சல்கூட வந்திருந்தது. அந்தப் பதினொரு பேரில் ஒன்பது பேருக்குப் புகலிடம் கிடைத்திருந்தது. மூன்று முறையும் பொறுமையாக உட்கார்ந்து, அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, கேட்டதையெல்லாம் சொன்னவர்கள் இருபத்தேழு பேர். அதில் நான்கு பேருக்குத்தான் கிடைத்திருந்தது.

கூட்டலை மறுபடி போட்டுப் பார்த்தாள். அது மாறவில்லை. அட்டவணையை எடுத்துக்கொண்டு ஃபோஸின் அறைக்குப் போனாள்.

ஃபோஸ் அட்டவணையைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை, மாட்டிக்கொண்டு ஒரு முறை பார்த்தார்.

“இது ஏன்னு புரியுதா உனக்கு?” என்றார்.

“கொஞ்சம் புரியுது. நீங்க சொல்லுங்க.”

“கருவி உண்மையைத் தேடலை. தடத்தைத் தேடுது. உனக்கு நிஜமா நடந்த ஒரு விஷயத்தை நினைச்சா உடம்பும் சேர்ந்து நினைக்கும். வாசனை, குளிர், வயிறு எல்லாம் வரும். கேள்விப்பட்ட விஷயத்துல வெறும் வார்த்தைதான் வரும். இந்த வித்தியாசத்தைத்தான் அது அளக்குது. ஆனா நடந்ததையே ஒருத்தர் திரும்பத் திரும்பச் சொன்னா என்ன ஆகும்? உடம்பு விலகிப்போயிடும். வார்த்தை மட்டும் மிஞ்சும். மனசு ஆறுறதுன்னு நாம சொல்றது அதைத்தான்.”

“ஆறினவங்களை அது பொய்யர்னு சொல்லுது.”

“ஆமா.” ஃபோஸின் முகத்தில் இசக்கி இதுவரை பார்த்திராத ஒரு ஒளி. “பன்னிரண்டு வருஷமா இந்தக் கருவியை எதிர்த்து எழுதுறேன். ஒரு தடவைகூட எண்ணை வச்சு அடிக்க முடியலை. நீ அடிச்சிருக்கே. இதை மூணு பக்கத்துல எழுதி ஆறாம் இயலா வை. உன் ஆய்வேடே இதுதான்.”

“அந்த இருபத்திமூணு பேர்?”

ஃபோஸ் அட்டவணையின் கடைசி வரிசையில் விரலை ஓட்டினார். “பதினேழு பேரை ஏற்கெனவே அனுப்பியாச்சு. மிச்சம் ஆறு.”

“தவமலர் அக்காவோட அப்பீலு பத்து நாள்ல. நான் போய்ச் சாட்சி சொல்லப்போறேன்.”

“இப்பப் போகாதே. ‘எவ்விதத் தீங்கும் நேராது’ன்னு நீ எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கே. தீங்கு பண்ணினேன்னு நீயே கூண்டுல நின்னு சொன்னா நெறிமுறைக் குழு உன் தரவையெல்லாம் முடக்கிடும். பட்டம் போகும். பட்டம் போனா விசா போகும். மூணு மாசத்துல வாய்மொழித் தேர்வை முடிச்சுட்டு, டாக்டர் இஸாக்கியாப் போய்ச் சொல்லு. எடுபடும்.”

“மூணு மாசத்துல அவங்க இருக்க மாட்டாங்க.”

“அடுத்து வர்றவங்க இருப்பாங்க,” என்றார் ஃபோஸ். அவர் கெட்டவரில்லை. நிறைய அகதிகளைப் பற்றி யோசித்து யோசித்து, ஒரே ஒருத்தியைப் பற்றி யோசிக்க மறந்துபோனவர். இசக்கிக்கு அந்த நிமிஷம் அவர்மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேல் வர வேண்டியது. அது அவளுக்கும் தெரிந்தே இருந்தது.

சாட்சி சொல்லப் போவதற்கு முன்னால் தவமலரிடம் சொல்லியாக வேண்டும். முகாமின் பொதுச் சமையலறையில் தவமலர் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸை அரிந்துகொண்டிருந்தாள். இசக்கி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைத்துச் சொல்ல நினைத்து வந்திருந்தாள். வரவில்லை.

தவமலர் கத்தியைக் கீழே வைத்தாள்.

“விளங்கேல்ல பிள்ளை. நான் உண்மைதானே சொன்னனான்?”

“உண்மைதான்க்கா. ஆனா மூணு தடவை சொல்ல வச்சுட்டேன்.”

“அதாலயோ குறைஞ்சது?”

“அதனாலதான்.”

தவமலர் குழாயடியில் கை கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்து இசக்கியின் எதிரே உட்கார்ந்தாள்.

“முதல் தரம் சொல்லேக்குள்ள எனக்கு டீசல் மணந்தது. நினைவிருக்கோ? ரெண்டு வருசமா அந்த மணம் என்னை விடேல்ல. பஸ்ஸில, சாப்பாட்டில, தலையணையில எல்லாம் அதுதான். உங்களிட்டச் சொல்லச் சொல்ல அது போயிட்டுது. இப்ப அந்தப் பின்னேரம் பேப்பரில வாசிச்ச மாதிரிக் கிடக்கு. நான் அதைக் கடவுள் செய்த காரியம் எண்டு நினைச்சன். நித்திரை வருது பிள்ளை எனக்கு. கலியாணம் கட்டின புதுசில வந்த மாதிரி நித்திரை.” அரிந்த லீக்ஸை ஒரு பக்கமாகத் தள்ளினாள். “நித்திரை கொள்ளுறவளை ஒருத்தரும் நம்பமாட்டினம் எண்டு முந்தியே சொல்லியிருந்தால் நான் முழிச்சுக்கொண்டு இருந்திருப்பன்.”

இசக்கி அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். எந்த மொழியில் கேட்டாலும் அது கேவலமாகத்தான் இருந்திருக்கும்.

“உங்களில பிழை சொல்லேல்ல,” என்றாள் தவமலர். “நீங்கள் கேட்டியள். இங்க வேற ஒருத்தரும் கேக்கேல்ல. அதுதான் சொன்னனான்.” பிறகு, “திரும்ப அந்த மணத்தை வரப்பண்ண ஏலாதோ? வந்தால் நம்பர் ஏறும்தானே?” என்றாள்.

“வராதுக்கா. மறுபடி அளக்கவும் விட மாட்டாங்க.”

“அப்ப நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. அவ முதல் தரம் சொல்லேக்குள்ள நான் எதிரில இருந்தனான், என்ர கண்ணால கண்டனான் எண்டு சொல்லுங்கோ. எனக்குத் திரும்ப ஊருக்குப் போக ஏலாது பிள்ளை. நான் பேர் சொன்னவன் வாசலிலதான் நிப்பான்.”

மேல்முறையீட்டு மன்றத்தில் மூன்று நீதிபதிகள். தலைமை நீதிபதி நல்ல மனிதர் போலிருந்தார். இசக்கி பேசும்போது குறிப்பெடுத்தார், தலையாட்டினார், தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். இசக்கி எதையும் மறைக்கவில்லை. பதினொன்று, இருபத்தேழு, ஒன்பது, நான்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். கஜீபனின் குரலில் முதன்முறையாக ஒரு தெம்பு வந்தது. ஐந்து வருஷத்தில் இப்படி ஒரு சாட்சி அவனுக்குக் கிடைத்ததில்லை.

பிறகு அரசு வழக்கறிஞர் எழுந்தாள். இசக்கியின் வயதுதான் இருக்கும். மென்மையான குரல்.

“உங்க நேர்மையைப் பாராட்டுறேன். ஒண்ணு மட்டும் தெளிவுபடுத்துங்க. கருவி தப்பாக் காட்டினதா நீங்க சொல்லலை. அப்படித்தானே?”

“சரியாத்தான் காட்டியிருக்கு. அந்த நினைவு தேஞ்சுபோச்சு. தேய்ச்சது நான்.”

“தேயறதுக்கு முன்னாடி எண் எவ்வளவு இருந்திருக்கும்?”

“ஐம்பதுக்கு மேல.”

“அளந்தீங்களா?”

“இல்ல.”

“அப்ப எப்படித் தெரியும்?”

“முதல் தடவை சொன்னப்ப நான் எதிர்ல இருந்தேன். டீசல் மணக்குதுன்னு சொல்லி வாந்தி எடுத்தாங்க.”

“பதிவுல அது இருக்கா?”

“இல்ல. அவங்க கஷ்டப்பட்டாங்கன்னு பதிவை நிறுத்திட்டேன். விதி அப்படி.”

“பதிவுல எது இருக்கு?”

“முதல் பேட்டியில வண்டி வந்து நின்னது வரைக்கும். அப்புறம் ரெண்டாவது, மூணாவது.”

“மூணாவதைக் கேட்டேன். ரொம்பத் தெளிவா சொல்றாங்க,” என்றாள் அரசு வழக்கறிஞர். கிண்டல் இல்லாமல்தான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள்.

தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது. கஜீபன் தன் அலுவலகத்தில் அதைத் திரையில் வைத்துவிட்டு, அவளையே படிக்கச் சொன்னான். தான் வாசித்துச் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

முதல் பாதியைப் படித்தபோது இசக்கிக்கு நம்பிக்கை வந்தது. மன்றம் அவள் கண்டுபிடிப்பை முழுமையாக ஏற்றுக்கொண்டிருந்தது. ‘சாட்சியின் ஆய்வு துணிச்சலும் ஒழுங்கும் மிக்கது’ என்று எழுதியிருந்தது. ஒரு நினைவைப் பலமுறை சொல்ல வைப்பது அதன் தடத்தை அழிக்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதாகச் சொல்லியிருந்தது. அவளுடைய அட்டவணை அடிக்குறிப்பு பதினான்கில் அப்படியே இருந்தது.

இரண்டாம் பாதி வேறு மாதிரி. விண்ணப்பதாரரின் தடம் அழிவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்பதற்குச் சான்றில்லை. இல்லாத எண்ணை மன்றம் ஊகிக்க இயலாது. முறையீடு தள்ளுபடி. கடைசிப் பத்தியில் ஒரு உத்தரவு. இனி இத்தகைய அநீதி நேராதிருக்க, புகலிடம் கோரி வருபவரை, வந்திறங்கிய நேரம் முதல் கருவியில் அளக்கப்படும் வரை, தனியே வைக்க வேண்டும். உறவினரோ மருத்துவரோ பாதிரியாரோ சக அகதியோ ஆய்வாளரோ எவரும் நடந்ததைப் பற்றி அவரிடம் கேட்கக்கூடாது, அவர் சொன்னாலும் கேட்டுக்கொள்ளக்கூடாது. இந்தக் கடுமையை ஈடுசெய்ய, ஏழு மாதக் காத்திருப்பு பதினொரு நாளாகக் குறைக்கப்பட வேண்டும். இது விண்ணப்பதாரர்களின் நன்மைக்கே.

“கருவியைத் தூக்கச் சொன்னம்,” என்றான் கஜீபன். “ஆக்களின்ர வாயைக் கட்டிப்போட்டாங்கள்.”

“என்னால கஜீபன்.”

அவன் இல்லை என்று சொல்லவில்லை. அவள் அதற்காகவும் அவனிடம் நன்றியாக இருந்தாள்.

தவமலரை ஒரு வியாழக்கிழமை காலையில் கொண்டுபோனார்கள். முகாம் வாசலில் இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். “அழாதேங்கோ பிள்ளை,” என்றாள் அவள். “எனக்கே அழுகை வரேல்ல. உங்களுக்கு என்னத்துக்கு?” கொழும்பில் ஒரு தூரத்து உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை கஜீபனோடு போனில் பேசினாள். ஒன்பதாவது வாரம் பேசவில்லை. பத்தாவது வாரம் கஜீபன் கூப்பிட்டபோது உறவினர் எடுத்தார். ஊரில் வீட்டுப் பத்திரம் ஒன்றை எடுத்து வருவதாகச் சொல்லிப் போனவள் வரவில்லை என்றார். அதற்குப் பிறகு அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை.

நெறிமுறைக் குழு இசக்கியை எதுவும் செய்யவில்லை. மன்றமே பாராட்டிய ஆய்வை முடக்க எந்தக் குழுவுக்குத் தைரியம் வரும்? வாய்மொழித் தேர்வில் ஐந்து தேர்வாளர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு ஆய்வேடு வாய்மொழித் தேர்வுக்கு முன்பே சட்டமாவதை அந்தக் கட்டடம் பார்த்ததில்லையாம். ஃபோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு வள்ளியூரில் அம்மா நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தாள். இசக்கி போனில் ‘ரொம்பச் சந்தோசம்மா’ என்று சொல்லிவிட்டு, பல்கலைக்கழகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வேலை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. புதிய தனிமைப் பகுதியில் உரிமைகளைக் கண்காணிக்க ஒரு பதவி உருவாக்கினார்கள். தமிழ், ஆங்கிலம் தெரிந்த, இத்துறையில் ஆய்வு செய்த ஒருவர் தேவை என்று விளம்பரம். அவளுக்காகவே அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. கஜீபன் போக வேண்டாம் என்றான். நான் போகாவிட்டால் வேறு யாராவது இரக்கமில்லாதவர் வருவார் என்று அவள் அவனிடம் சொன்னாள். இப்படிச் சொல்லிக்கொண்டுதான் உலகத்தில் பாதிப் பதவிகள் நிரம்புகின்றன.

சேர்ந்த இரண்டாம் வாரம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் சுகிர்தா, ஊர் மன்னார்ப் பக்கம் என்று கோப்பில் இருந்தது. வேறு எதுவும் கோப்பில் இருக்கக்கூடாது என்பது புதிய விதி. சன்னலில்லாத, சுத்தமான அறை. கட்டில், பைபிள், ஒரு பூச்செடி. விதிகளை அவரவர் மொழியில் படித்துச் சொல்வது இசக்கியின் வேலை.

தமிழ் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கைகள் ஈரமாக இருந்தன.

“அக்கா, தமிழோ நீங்கள்? நாலு நாளா ஒரு சனமும் என்னோட கதைக்கேல்ல. எனக்கு என்ன நடந்தது எண்டு நான் சொல்லுறன் அக்கா. அண்டைக்கு விடியக்காலமை நானும் என்ர...”

“சொல்லாதீங்க,” என்றாள் இசக்கி.

அந்தப் பெண் திகைத்தாள்.

“சொல்லாதம்மா. சொன்னா உனக்குத்தான் கஷ்டம். நம்பர் குறைஞ்சுடும்.” விதியில் இருந்ததற்காக அவள் அதைச் சொல்லவில்லை. அது உண்மை என்பதற்காகச் சொன்னாள். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

“அப்ப ஆரிட்டச் சொல்லுறது?”

“ஒரு மிஷின் இருக்கு. இன்னும் ஏழு நாள்ல.”

“அதுக்குத் தமிழ் தெரியுமோ?”

“தெரிய வேண்டியதில்ல. நீ பேசவே வேண்டாம்.”

பிடித்திருந்த கைகள் மெல்ல விலகின. அந்தப் பெண் கட்டிலில் போய் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினாள். சத்தம் வந்தாலும் எண் குறையுமோ என்று பயந்திருப்பாள். ஏன் அழுகிறாய் என்று கேட்க இசக்கிக்கு அனுமதியில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்தப் பெண்ணுக்குச் செய்யக்கூடிய ஒரே நல்லது என்பது, உலகத்தில் மற்ற எவரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வெளியே வந்து தினசரிப் படிவத்தை எடுத்தாள். ‘விண்ணப்பதாரர் நிகழ்வு குறித்துப் பேசினாரா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்து, கீழே டாக்டர் இசக்கியம்மாள் என்று கையெழுத்துப் போட்டாள்.